பொம்மைச் சிப்பாய்களின் தளபதி

திருநாவலூர்த் தெருவிலே ஒரு குழந்தை சின்னஞ்சிறு தேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது. அந்த வழியாக நாட்டை ஆண்ட நரசிங்க முனையரையர் வந்தார். குழந்தையைக் கண்டதும் அவருக்கு மேலே நடக்க மனம் வரவில்லை. பெற்றோரிடம் கேட்டு வாங்கி, அரண்மனைக்கு எடுத்துச் சென்று, தம் பிள்ளையாகவே வளர்த்தார். அந்தக் குழந்தைதான் பின்னாளில் சுந்தரமூர்த்தி நாயனார் ஆனது. பெரியபுராணம் சொல்லும் வரலாறு இது.

அதே ஊர் விளையாட்டல்லாத போர்ப்படையையும் பார்த்திருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழரின் மகன் ராஜாதித்தர், யானைகளோடும் குதிரைகளோடும் இந்தப் பகுதியில் தங்கியிருந்தார். வடக்கேயிருந்து வரக்கூடிய பகைவரைத் தடுப்பது அவர் வேலை. திருநாவலூருக்கே ராஜாதித்தபுரம் என்ற பெயர் வழங்கியது. 949-ம் ஆண்டு தக்கோலத்தில் பெரும் போர் மூண்டது. யானைமேல் அமர்ந்திருந்தபடியே அந்த இளவரசர் மாண்டார்.

ஒரு பக்கம் பொம்மைத் தேர். இன்னொரு பக்கம் போர் யானை. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் அந்தச் சிற்றூர் இரண்டையும் கண்டது.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, கடல் கடந்த இங்கிலாந்தில் ஒருவர் இந்த இரண்டையும் பற்றி யோசித்தார். போர் என்பது பொம்மைகளோடு நின்றுவிட வேண்டும், மனிதர்களிடம் வரக்கூடாது என்று ஆசைப்பட்டார். அதற்காக ஒரு விளையாட்டையே உருவாக்கினார். அவர் பெயர் எச். ஜி. வெல்ஸ். விஞ்ஞானக் கதைகளின் தந்தை என்று உலகம் போற்றும் எழுத்தாளர்.

அவருடைய ஆசை என்ன ஆயிற்று?

கால் முறிந்தது, கண் திறந்தது

லண்டனுக்கு அருகே பிராம்லி என்ற ஊர். அங்கே 1866-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி வெல்ஸ் பிறந்தார். முழுப்பெயர் ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ். வீட்டில் பெர்ட்டி என்று அழைத்தார்கள்.

தகப்பனார் ஜோசப் வெல்ஸ் பீங்கான் சாமான்கள் விற்கும் சிறு கடை வைத்திருந்தார். கடையில் வியாபாரம் இல்லை. ஆனால் அவர் நல்ல கிரிக்கெட் ஆட்டக்காரர். 1862-ல் ஒரு பந்தயத்தில் அடுத்தடுத்து நான்கு பந்துகளில் நான்கு விக்கெட்டுகளைச் சாய்த்தவர். அந்த ஆட்டத்தில் கிடைத்த கூலியும் சேர்ந்துதான் குடும்பம் நடந்தது. தாயார் சாரா, திருமணத்துக்கு முன் ஒரு பிரபுவின் மாளிகையில் பணிப்பெண்ணாக இருந்தவர்.

பெர்ட்டிக்கு ஏழு வயது இருக்கும்போது ஒரு விபத்து. பெரியவர் ஒருவர் விளையாட்டாக அவனைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். பிடி தவறியது. கால் எலும்பு முறிந்தது. வாரக்கணக்கில் படுக்கை.

பையன் சும்மா கிடக்கிறானே என்று தகப்பனார் நூலகத்திலிருந்து புத்தகங்கள் கொண்டுவந்து கொடுத்தார். தூர தேசங்கள், விலங்குகள், வான மண்டலம், பழைய போர்கள் என்று பலவும் அவற்றில் இருந்தன. பெர்ட்டி படித்துத் தள்ளினான். கால் முறிந்த அந்த நாட்கள்தான் தன்னை எழுத்தாளனாக்கின என்று பிற்காலத்தில் அவரே நினைத்துப் பார்த்ததுண்டு.

எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு பையனுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. ஊருக்கு வெளியே மார்ட்டின் குன்று என்று ஒரு மேடு உண்டு. அங்கே தனியாகப் போவான். கண்ணுக்குத் தெரியாத படைகளை நிறுத்துவான். தானே தளபதி. பீரங்கிகள் முழங்கும், குதிரைப் படை பாயும், எதிரி ஓடுவான். பிறகு ஒன்றும் நடக்காதவன்போல் வீட்டுக்கு வந்து சாப்பிடுவான்.

ஜவுளிக் கடைச் சிறை

1877-ல் தகப்பனாருக்கும் கால் முறிந்தது. கிரிக்கெட் வருமானம் நின்றது. வறுமை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. தாயார் மறுபடியும் மாளிகை வேலைக்குப் போனார். பையன்கள் ஒவ்வொருவராக ஜவுளிக் கடைக்குத் தொழில் பழக அனுப்பப்பட்டார்கள்.

பெர்ட்டிக்கு அந்த வேலை கொஞ்சமும் பிடிக்கவில்லை. காலையிலிருந்து இரவு வரை நின்றபடியே உழைக்க வேண்டும். துணிகளை மடிக்க வேண்டும். திட்டு வாங்க வேண்டும். கடைப் பையன்களோடு ஒரே கூடத்தில் படுக்க வேண்டும். இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமை எல்லை கடந்தது. சாப்பிடாமல் கொள்ளாமல் 17 மைல் நடந்தான். தாயார் வேலை செய்த மாளிகைக்குப் போய், இனி கடைக்குத் திரும்ப முடியாது என்று சொல்லிவிட்டான். தாயார் கலங்கினார். ஆனால் பையன் அசையவில்லை.

கடைசியில் பிடிவாதம் வென்றது. ஒரு பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டே பாடம் சொல்லித்தரும் வேலை கிடைத்தது. இரவும் பகலும் படித்தான். 1884-ல் லண்டன் விஞ்ஞானக் கல்லூரியில் சேர உதவிச் சம்பளம் கிடைத்தது. அங்கே உயிரியல் பாடம் நடத்தியவர் உலகப் புகழ் பெற்ற பேராசிரியர் ஹக்ஸ்லி. டார்வினின் கொள்கைக்காக வாதாடியவர். அவரிடம் படித்த ஒரு வருடம் வெல்ஸின் வாழ்க்கையையே மாற்றியது.

வாத்தியார் வேலை பார்க்கும்போது கால்பந்து மைதானத்தில் பலமான அடிபட்டது. சிறுநீரகம் கெட்டது. இருமினால் ரத்தம் வந்தது. இனி வகுப்பில் நின்று கத்த முடியாது. உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை வேண்டும். பேனாவை எடுத்தார்.

செவ்வாய்க் கிரகத்துப் படை

1895-ல் 'கால இயந்திரம்' என்ற கதை வெளிவந்தது. ஒரு மனிதன் யந்திரத்தில் ஏறி வருங்காலத்துக்குப் போகிறான். இப்படி ஒரு கற்பனையா என்று ஜனங்கள் வியந்தார்கள். ஒரே கதையில் பெயர் பரவியது. அடுத்து, பார்வைக்குத் தென்படாத மனிதனின் கதை. பிறகு சந்திரனுக்குப் போகும் கதை. வருடத்துக்கு ஒன்று என்று வந்துகொண்டே இருந்தன.

1898-ல் புத்தகமாக வந்தது 'உலகங்களின் போர்'. செவ்வாய்க் கிரகத்து ஜீவன்கள் இங்கிலாந்தின் மீது படையெடுக்கின்றன. மூன்று கால் யந்திரங்களில் வருகின்றன. அனல் கதிரால் ஊர்களை எரிக்கின்றன. பீரங்கிகள் பலிக்கவில்லை. உலகத்தையே கட்டி ஆண்ட இங்கிலாந்துக்காரர்கள் மூட்டை முடிச்சோடு ஓடுகிறார்கள்! கடைசியில் அந்தப் படையை வெல்வது யார்? கண்ணுக்குத் தெரியாத நோய்க் கிருமிகள். நம் உடம்புக்குப் பழகிப்போன கிருமிகள் அந்த வேற்றுக் கிரகத்தாரைக் கொன்றுவிடுகின்றன. ஹக்ஸ்லியிடம் படித்த பாடம் வீண் போகவில்லை.

இந்தக் கதைக்குள் ஒரு சாட்டையடியும் இருக்கிறது. டாஸ்மேனியா தீவின் பழங்குடி மக்களை வெள்ளையர்கள் அழித்தார்கள். அதேபோல் வலிமை மிக்க ஒருவன் வந்து நம்மை அழித்தால் எப்படி இருக்கும் என்று தன் நாட்டாரையே யோசிக்கவைத்தார் வெல்ஸ். வெள்ளையர் ஆட்சி உச்சத்தில் இருந்த காலத்தில் இப்படி எழுத ஒரு துணிச்சல் வேண்டும்.

தரை எல்லாம் போர்க்களம்

பணம் வந்தது. கடலோரத்தில் வீடு கட்டினார். 1901-ல் ஒரு மகனும் 1903-ல் இன்னொரு மகனும் பிறந்தார்கள். வீடெல்லாம் மரக் கட்டைகளும் ஈயச் சிப்பாய்களும் இறைந்து கிடந்தன.

ஒரு நாள் நண்பர் ஒருவர் சாப்பிட வந்தார். நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம்தான் அவர் என்பார்கள். பக்கத்து மேஜையில் பிள்ளைகளின் பொம்மைப் பீரங்கி ஒன்று கிடந்தது. வில் பொருத்திய பீரங்கி. ஓர் அங்குல மரக் குச்சியை ஒன்பது கஜ தூரத்துக்குக் குறி தவறாமல் சுடும். சாப்பாடு முடிந்ததும் நண்பர் மெதுவாக அதை எடுத்தார். எதிரே நின்ற ஈயச் சிப்பாயைக் குறி பார்த்தார். சுட்டார். சிப்பாய் விழுந்தான்!

அவ்வளவுதான். பெரிய மனிதர்கள் இருவரும் போட்டி போட்டுச் சுட ஆரம்பித்துவிட்டார்கள்.

வெறுமே சுட்டால் சீக்கிரம் சலித்துவிடும் அல்லவா? வெல்ஸ் மேலும் யோசித்தார். சிப்பாய்கள் நடந்தால் என்ன? மறைய இடம் இருந்தால் என்ன? தடித்தடியான கலைக்களஞ்சியப் புத்தகங்களைத் தரையில் அடுக்கினார். அவை மலைகள் ஆயின. மரக் கட்டைகள் வீடுகள் ஆயின. செடிக் கிளைகள் காடுகள் ஆயின. பிறகு விதிகள் வகுத்தார்.

களத்தின் நடுவே திரை கட்டுவார்கள். ஒருவர் படை நிறுத்துவதை மற்றவர் பார்க்கக்கூடாது. திரையை எடுத்ததும் ஆட்டம் தொடங்கும். காலாள் ஒரு முறைக்கு ஓர் அடி நகரலாம். குதிரை வீரன் இரண்டடி நகரலாம். தூரத்தை அளக்க நூல் உண்டு. பீரங்கியின் பக்கத்தில் நான்கு ஆட்களாவது இருந்தால்தான் அது சுடும். ஆள் குறைந்தால் பீரங்கி ஊமை. ஒரு முறையில் நான்கு குண்டு வரை சுடலாம். கைகலப்பில் சம பலம் உள்ளவர்கள் இரு பக்கமும் சாவார்கள். எண்ணிக்கை மிகுந்த பக்கம் கைதிகளைப் பிடிக்கலாம்.

யோசித்துக்கொண்டே காலம் கடத்த முடியாது. முப்பது ஆட்களுக்கு ஒரு நிமிடம், ஒரு பீரங்கிக்கு ஒரு நிமிடம் என்று கடிகாரம் பார்த்து நகர்த்த வேண்டும். பதற்றத்தில் தளபதி தப்புச் செய்வார். தேவையான இடத்தில் ஆளில்லாமல் போகும். மெய்ப் போரிலும் அப்படித்தானே!

ஜெர்மனியில் 1824-ம் ஆண்டிலேயே பிரஷ்ய ராணுவத்துக்காக ஒரு போர் விளையாட்டு உருவாகியிருந்தது. ஆனால் அது அதிகாரிகளுக்குப் பயிற்சி. அப்பாவும் பிள்ளைகளும் தரையில் படுத்து ஆடும் ஆட்டமாக அதை விதியோடு எழுதிக் கொடுத்தவர் வெல்ஸ். 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகம் வெளிவந்தது. குட்டி யுத்தங்கள் என்று பொருள். பொழுதுபோக்குப் போர் விளையாட்டுக்கு இன்றும் அதுவே மூல நூலாக மதிக்கப்படுகிறது.

அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் விளையாட்டு அல்ல. இந்த ஆட்டத்தை மூன்று நான்கு முறை ஆடிப் பார்த்தால் போதும், பெரிய யுத்தம் எவ்வளவு மூடத்தனம் என்பது யாருக்கும் புரியும் என்று வெல்ஸ் எழுதினார். போர்வெறி கொண்ட மன்னர்களையும், பீதி கிளப்புகிறவர்களையும் ஒரு பெரிய மண்டபத்தில் விட்டுவிடலாம். கை நிறைய ஈயச் சிப்பாய்களைக் கொடுத்துவிடலாம். அவர்கள் ஆசை தீர ஆடட்டும், நாம் நிம்மதியாக நம் வேலையைப் பார்ப்போம் என்பது அவர் யோசனை. பொம்மைப் போரில் விதவைகள் இல்லை. அனாதைகள் இல்லை. ஆட்டம் முடிந்தால் செத்த சிப்பாய் எழுந்து பெட்டிக்குள் போய்விடுவான்.

எம்டன் வந்தது

மன்னர்கள் கேட்கவில்லை. மறு வருடமே, 1914-ல், முதல் உலக யுத்தம் மூண்டது.

செப்டம்பர் 21-ந் தேதி வெல்ஸுக்கு 48 வயது நிறைந்தது. அடுத்த நாள் இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைக்கு எதிரே வந்து நின்று குண்டு வீசியது. எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. ஜனங்கள் பயந்து ஊரைவிட்டு ஓடினார்கள். எம்டன் என்ற சொல் தமிழிலேயே நிலைத்துவிட்டது. செவ்வாய்ப் படைக்குப் பயந்து லண்டன் ஓடியதாக வெல்ஸ் எழுதினாரே, அதைப் போன்ற ஓட்டம் நம் ஊரிலும் நடந்தது.

இங்கேதான் வெல்ஸ் சறுக்கினார். யுத்தம் மூடத்தனம் என்று எழுதிய அதே கை, இந்த யுத்தத்தை ஆதரித்து எழுதியது. இதில் ஜெர்மனியைத் தோற்கடித்துவிட்டால் இனிமேல் உலகில் யுத்தமே வராது என்று நம்பினார். போருக்கு முடிவு கட்டும் போர் என்று பெயரும் சூட்டினார். அந்தப் பெயர் ஊரெல்லாம் பரவியது.

அவருடைய மகன்கள் இருவரும் சிறுவர்கள். ஆனால் அவர்களைவிடச் சில வயது மூத்த பிள்ளைகள், நேற்றுவரை ஈயச் சிப்பாய்களோடு விளையாடியவர்கள், துப்பாக்கி தூக்கிப் போனார்கள். நான்கு வருடத்தில் ஏறத்தாழ 90 லட்சம் போர்வீரர்கள் மாண்டார்கள். அவர் 1903-ல் கற்பனை செய்த நிலத்துப் போர்க்கப்பல், 1916-ல் டாங்கி என்ற உருவில் மெய்யாகவே களத்துக்கு வந்தது. போர் மட்டும் முடிவுக்கு வரவில்லை. அவர் வைத்த பெயரே பின்னாளில் கேலிக்கு இடமாயிற்று.

தவற்றை உணர்ந்த வெல்ஸ், மிச்ச வாழ்நாளை அதற்குப் பரிகாரம் போலவே கழித்தார். தேசங்கள் சண்டை போடுவதற்குக் காரணம், ஒவ்வொன்றும் தன் சரித்திரத்தை மட்டும் படிப்பதுதான் என்று நினைத்தார். எல்லா மனிதருக்கும் பொதுவான உலக சரித்திரம் ஒன்றை எழுதினார். 1920-ல் வந்த அந்த நூல் லட்சக்கணக்கில் விற்றது. ஜவகர்லால் நேரு சிறையிலிருந்து மகள் இந்திராவுக்கு உலக சரித்திரத்தைக் கடிதங்களாக எழுதியபோது, அவருக்குக் கை கொடுத்த நூல்களில் அதுவும் ஒன்று.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1940-ல், மனித உரிமைகளுக்கு ஒரு சாசனம் வேண்டும் என்று வெல்ஸ் பாடுபட்டார். காந்தியடிகளுக்கும் அதைப் பற்றித் தந்தி அனுப்பினார். உரிமைக்கு முன்னால் கடமையிலிருந்து தொடங்க வேண்டும் என்று காந்தியடிகள் பதில் அனுப்பினார். 1948-ல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்துக்கு அடிகோலிய முயற்சிகளில் வெல்ஸின் முயற்சியும் ஒன்றாக எண்ணப்படுகிறது.

கதை மெய்யானது

ஆனால் அவர் எழுதிய ஒரு கதை அவரையே துரத்தியது.

1914-ன் தொடக்கத்தில் வந்த நாவல் ஒன்றில் அணுகுண்டைப் பற்றி எழுதியிருந்தார். விமானத்திலிருந்து வீசினால் நகரமே அழியும் குண்டு. அப்போது உலகில் அப்படி ஒன்று கிடையாது. அந்த நாவலை 1932-ல் லியோ சிலார்டு என்ற ஹங்கேரி விஞ்ஞானி படித்தார். மறு வருடம் லண்டன் தெருவில் நடந்து போகும்போது, அணுவைப் பிளந்து தொடர்ந்து சக்தி எடுக்கும் வழி அவர் மனத்தில் பளிச்சிட்டது. கற்பனைக் குண்டு மெய்யாகும் பாதை அங்கே பிறந்தது.

1945 ஆகஸ்டு 6-ந் தேதி ஹிரோஷிமா எரிந்தது. 9-ந் தேதி நாகசாகி எரிந்தது. அப்போது வெல்ஸுக்கு 78 வயது. நோயாளி. லண்டனில் குண்டு மழை பொழிந்தபோதும் வீட்டைவிட்டு நகராதவர், இந்தச் செய்தியையும் பார்த்துவிட்டார். அவருடைய கடைசிப் புத்தகத்தில் மனித குலத்தைப் பற்றிய நம்பிக்கை வற்றிப்போயிருந்தது. 1946 ஆகஸ்டு 13-ந் தேதி கண்ணை மூடினார். உடல் எரிக்கப்பட்டு, சாம்பல் கடலில் தூவப்பட்டது.

தபாலில் நடந்த விண்வெளிப் போர்

வெல்ஸ் போனார், அவர் விளையாட்டு போகவில்லை. அது தபாலிலும் ஏறிக்கொண்டது.

தபாலில் ஆடுவது நமக்குப் புதிது அல்ல. 1828-ல் சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் இடையே கடிதம் மூலமாகச் சதுரங்கப் போட்டி நடந்தது. சென்னைக்காக ஆட்டத்தை நடத்தியவர் குலாம் காசிம் என்ற வல்லுநர். ஒரு காயை நகர்த்திவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த ஆட்டங்கள் 1829-ல் சென்னையில் புத்தகமாகவும் அச்சாயின. சதுரங்கமும் யானை, குதிரை, காலாள் கொண்ட போர்தானே!

1970-ல் அமெரிக்க இளைஞர் ரிக் லூமிஸ் தபால் போர் விளையாட்டை ஒரு தொழிலாகவே தொடங்கினார். 1976-ல் அவருடைய நிறுவனம் 'ஸ்டார்வெப்' என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தது. களம் விண்வெளி. ஆடுகிறவர்கள் 15 பேர். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. எந்தக் கப்பல் எந்தக் கிரகத்துக்குப் போகவேண்டும், எங்கே சுட வேண்டும் என்று ஒவ்வொருவரும் தாளில் எழுதித் தபாலில் சேர்ப்பார்கள். எல்லாருடைய உத்தரவும் வந்ததும் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். யார் வென்றார், யார் தோற்றார் என்ற விவரம் தபாலிலேயே திரும்பி வரும். இரண்டு கடிதங்களுக்கு நடுவே எதிரியோடு சமாதானமும் பேசலாம்.

வெல்ஸ் தனித்தனியாகச் செய்த இரண்டு காரியங்கள் இங்கே ஒன்று சேர்ந்தன. ஒன்று, வேற்றுக் கிரகத்தாரோடு போர். இன்னொன்று, பொம்மைகளை வைத்துப் போர். பெரிய கடற்படைகள் தபால் உறைக்குள் அடங்கின. ஒரு கிரகமே அழிந்தது என்று கடிதம் வரும். படித்தவர் பெருமூச்சு விட்டுவிட்டு, காபி குடித்துவிட்டு, அடுத்த உத்தரவை எழுதுவார். ஒரு தாயும் அழவில்லை.

வெல்ஸ் விரும்பியதும் அதைத்தான். தன் வாழ்நாளில் அவர் அதைப் பார்க்கவில்லை. மெய்ப்போர்தான் இரண்டு முறை அவர் வாசலுக்கு வந்தது. ஒரு முறை அவரே அதற்கு வரவேற்பும் எழுதிவிட்டார். அறிவாளியும் சறுக்குகிற இடம் அது என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

தக்கோலத்துக்குப் போன ராஜாதித்தர் திருநாவலூருக்குத் திரும்பவில்லை. தெருவில் சிறு தேர் உருட்டிய குழந்தையின் பெயரை அந்த ஊர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. வீட்டில் பிள்ளைகள் தீப்பெட்டிகளை அடுக்கிக் கோட்டை கட்டி, கோலிக்குண்டால் இடித்துச் சண்டை போட்டால் அதட்ட வேண்டாம். நேரம் இருந்தால் கூடவே தரையில் உட்காரலாம். ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் எல்லோரும் எழுந்து சாப்பிட வருவார்கள்.